மின்வண்டிகளுக்காகக் கடற்கரை ஊர்களின் மின்மாற்றிகளைத் தயார் செய்வது எப்படி: இராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் 2016-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வழுதூரில் எரிவாயுவால் ஓடும் மின் நிலையம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இவ்வளவு மின்சாரம் விளையும் மாவட்டத்தில் சில நூறு மின் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் கூடிவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கமுதியில் விளைவது 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தின் வழியாக மாநிலத் தொகுப்புக்குப் போய்ச் சேருகிறது. பொழுது சாய்ந்தால் அதன் உற்பத்தியும் நின்றுவிடுகிறது. கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ ஒருவர் இரவு எட்டு மணிக்கு வண்டியைச் சார்ஜில் போடும்போது அவருக்குக் கைகொடுப்பவை தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியும், அதிலிருந்து கம்பம் கம்பமாக வரும் கம்பிகளும்தான். மின்வண்டிகளின் பளுவை முதலில் உணரப்போவது அந்த மின்மாற்றி. ஆகவே தயாரிப்பையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊராட்சி மன்றத்தினர், வார்டு உறுப்பினர்கள், ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தினர், தங்கும் விடுதி நடத்துவோர், புதிதாக மின்வண்டி வாங்க நினைக்கும் குடும்பத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மின்வாரியம் செய்ய வேண்டியதை மின்வாரியம்தான் செய்ய முடியும். ஆனால் எதைக் கேட்பது, எந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது என்பது ஊராரின் பொறுப்பு.

அளவெடுப்பதில் தொடங்குங்கள்

ஒவ்வொரு மின்மாற்றியின் உடலிலும் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். அதில் 25, 63, 100, 200, 250, 500 என்று ஏதேனும் ஒரு கே.வி.ஏ. அளவு, அதாவது அது எவ்வளவு பளுவைத் தாங்கும் என்ற எண், பொறிக்கப்பட்டிருக்கும். உப்புக்காற்றில் எழுத்து தேய்ந்திருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீடுகளுக்கு மின்சாரம் போகும், 433 வோல்ட் உள்ள தாழ்வழுத்தப் பக்கத்தில், ஒவ்வொரு ஃபேஸிலும் 25 கே.வி.ஏ. மின்மாற்றி ஏறத்தாழ 33 ஆம்பியரும், 63 கே.வி.ஏ. மின்மாற்றி 84 ஆம்பியரும், 100 கே.வி.ஏ. மின்மாற்றி 133 ஆம்பியரும் முழுப்பளுவாகத் தாங்கும். இந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இப்போது எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்பதைப் பார்ப்பது. கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரைக் காட்டும் டாங் டெஸ்டர் வைத்து மூன்று ஃபேஸ்களையும், மின்சாரம் திரும்பும் நியூட்ரலையும் தனித்தனியே அளக்கும் இந்த வேலையை மின்வாரியப் பணியாளர் மட்டுமே செய்ய வேண்டும். வெளியாள் எவரும் மின்மாற்றி மேடையை நெருங்கக் கூடாது. ஏப்ரல் இரண்டாம் பாதியில் அளந்து தரும்படி உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மாலை ஏழு மணி முதல் பத்து மணிக்குள் ஒரு முறையும், நள்ளிரவை ஒட்டி ஒரு முறையும் அளப்பது அவசியம். மார்கழியில் அளந்த கணக்கு கோடைக்கு உதவாது. ஏசி ஓடும் கோடை இரவுகளில் நள்ளிரவிலும் பளு எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது என்பதை இந்தப் பக்கத்து வீடுகளில் படுத்து உறங்கியவர்கள் அறிவார்கள்.

இதில் ஊரார் தாங்களே செய்யக்கூடிய பங்கு ஒன்று உண்டு. மின்மாற்றியிலிருந்து மிகத் தொலைவில், கம்பி முடியும் கடைசிக் கம்பத்தில் இணைப்புள்ள வீட்டில், பிளக்கில் செருகும் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றைப் பொருத்தி, ஒரு வாரத்துக்கு மாலை ஆறு மணி முதல் மணிக்கொரு முறை அளவை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 240 வோல்ட்டுக்கு 6 சதவீதம் கீழே என்றால் ஏறத்தாழ 226. அதற்குக் கீழே அடிக்கடி இறங்குகிறது என்றால் அந்தப் பாதை இப்போதே மூச்சு வாங்குகிறது என்று பொருள். குண்டு பல்பு போன்ற பழைய சாதனங்கள் மின்னழுத்தம் குறைந்தால் குறைவான மின்சாரத்தை இழுத்துக்கொண்டு மங்கி எரியும். மின்வண்டிச் சார்ஜரின் போக்கு வேறு. அழுத்தம் குறையக் குறைய, தனக்கு வேண்டிய வாட் குறையாமலிருக்க அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். அதனால் கம்பியில் அழுத்தம் இன்னும் கீழே போகும். பனந்தோப்புகளுக்கு நடுவே வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்து, தாழ்வழுத்தப் பாதை நீண்டு கிடக்கும் பெரியபட்டினம், உச்சிப்புளி, வாலிநோக்கம் போன்ற பகுதிகளில் மின்மாற்றியின் திறனைவிட இந்தக் கடைசி வீட்டுக் கணக்குதான் முதலில் இடறும்.

வரப்போகும் பளுவைக் கணக்கிடுவது

ஒரு மின் ஸ்கூட்டரின் சார்ஜர் ஏறத்தாழ 750 வாட் இழுக்கும் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அது 3.3 ஆம்பியர். பயணிகள் மின் ஆட்டோவுக்கு 3 கிலோவாட், அதாவது 13 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுச் சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் கார் சார்ஜர் 31 ஆம்பியர் இழுக்கும். இந்த மூன்று எண்களும் போதும். ஊர்க் கணக்கைப் போட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டாக, 100 கே.வி.ஏ. மின்மாற்றி உள்ள ஒரு தெருவில் மாலை நேரத்தில் மூன்று ஃபேஸ்களிலும் முறையே 92, 70, 58 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். கூட்டினால் 220. மின்மாற்றி தாங்கும் மொத்தம் ஏறத்தாழ 400 என்பதால் இன்னும் நிறைய இடமிருப்பதாகத் தோன்றும். அந்தத் தெருவுக்கு 20 ஸ்கூட்டர்கள், 4 ஆட்டோக்கள், 2 கார்கள் வந்துவிட்டால், அனைத்தும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும்போது முறையே 66, 52, 62 ஆம்பியர், ஆக 180 ஆம்பியர் கூடும். அதை மூன்று ஃபேஸ்களுக்கும் சமமாகப் பிரித்தாலும் முதல் ஃபேஸ் 152-க்கு ஏறி, 133 என்ற எல்லையைத் தாண்டிவிடும். ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வைச் சரிசெய்து முழுப்பளுவையும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 133. அதாவது இம்மியளவும் மிச்சமில்லை. அதே வண்டிகளை, வீட்டுப்பளு பாதியாகக் குறைந்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்தால் ஒரு ஃபேஸுக்கு 97 ஆம்பியர்தான் வரும். மின்மாற்றி ஒன்றுதான், வண்டிகளும் அவையேதான். ஃபேஸ் பங்கீடும் நேரமும் மாறியதால் முடிவு மாறுகிறது. புது மின்மாற்றிக்கு மனு எழுதுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகாதே என்று ஒருவர் சொல்லலாம். பெரிய நகரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது பொருந்தும். ஒரு தெருவில் அறுபது வீடுகள் இருந்து, ஆட்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வீடு திரும்பும் ஊரில் அந்தத் தேறுதலை நம்பி இருக்கக் கூடாது.

மின்மாற்றி இரவில் ஆறுகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். மாலையில் சூடேறிய எண்ணெயும், உள்ளே கம்பிச் சுருளைச் சுற்றியுள்ள காப்புத்தாளும் பின்னிரவில் குளிர்வதால்தான் அவ்வப்போது கூடும் பளுவை அது பொறுத்துக்கொள்கிறது. சாதாரணக் காப்புத்தாளின் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் மூப்பு இரு மடங்கு வேகமாகும் என்பது மின்மாற்றிப் பொறியியலில் நெடுநாளாகக் கையாளப்படும் கணக்கு. ஆகவே சார்ஜ் செய்வதை இரவு முழுவதும் பரப்பினாலும், விடியலுக்கு முன் சில மணி நேரமாவது மின்மாற்றிக்கு ஓய்வு கிடைக்கும்படி திட்டமிடுங்கள்.

நேரத்தைப் பங்கிடுவது

வீட்டு வண்டிகளுக்கு இரவு பத்தரைக்குப் பின்னரே சார்ஜ் என்று தெருவாசிகள் பேசி வைத்துக்கொள்ளலாம். கார்களில் நேரம் குறித்து வைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அது இல்லாத ஸ்கூட்டர்களுக்கு 16 ஆம்பியர் தாங்கும் தரமான டைமர் ஸ்விட்ச் போதும். ஆனால் அனைவரும் ஒரே மணிக்கு டைமர் வைத்தால் அந்த நொடியிலேயே முழுப்பளுவும் ஏறும். தெருவின் ஒரு வரிசைக்குப் பத்தரை, எதிர் வரிசைக்கு பன்னிரண்டரை என்று தள்ளி வைப்பது நல்லது. ஸ்கூட்டருக்கு அன்றாடம் முழுச் சார்ஜ் தேவைப்படுவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் ஈடாகிவிடும்.

ஆட்டோக்களின் கதை வேறு. இந்தக் கரையில் அதுதான் நம்பிக்கை தருவதும். இராமேசுவரத்தில் யாத்திரிகர்களின் ஓட்டம் விடியலுக்கு முன்பே தொடங்கி, உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தும்போது தணிகிறது. மாலையில் நடை திறந்ததும் மீண்டும் சூடுபிடிக்கிறது. இடைப்பட்ட நண்பகலில் வண்டிகள் நிழல் தேடி நிற்கின்றன. மாநிலத் தொகுப்பில் சூரிய மின்சாரம் நிறைந்திருக்கும் நேரமும் அதுவே. ஆட்டோ நிறுத்தத்திலேயே கூரை போட்டு, 3 கிலோவாட் சார்ஜ் முனைகளை வரிசையாக அமைத்தால், ஓட்டுநரின் சவாரி கெடாது, தெரு மின்மாற்றிக்கும் மாலைச் சுமை ஏறாது. மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பொதுச் சார்ஜ் நிலையங்களுக்குக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்சாரம் வழங்க ஆகும் சராசரிச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் கட்டணமாக வைக்கச் சொல்கின்றன. மாநிலத்தில் நடைமுறைக்கு வரும் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கும் என்றாலும், நண்பகலை நோக்கி வண்டிகளைத் திருப்ப வேண்டும் என்ற திசை தெளிவானது. சங்கத்தினர் இடம் கேட்டு நகராட்சியை அணுகும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

மின்வாரியத்திடம் எதைக் கேட்பது

முதலில் ஃபேஸ் பளுவைச் சமப்படுத்தக் கேளுங்கள். சில வீடுகளின் சர்வீஸ் வயரைக் கம்பத்தில் ஒரு ஃபேஸிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதால் முடியும் வேலை இது. செலவு மிகக் குறைவு. ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள பாதையில் நியூட்ரல் கம்பி மிகுந்த ஆம்பியரைச் சுமக்கிறது. உப்பரித்த இணைப்பில் அந்த நியூட்ரல் விட்டுப்போனால், பளு குறைந்த ஃபேஸில் உள்ள வீடுகளுக்கு வழக்கத்தைவிட மிக உயர்ந்த அழுத்தம் பாய்ந்து டிவி, ஃபிரிட்ஜ், வண்டிச் சார்ஜர் எல்லாம் ஒன்றாகக் கருகும். எனவே நியூட்ரல் இணைப்புகளைச் சோதிக்கும்படியும் அதே மனுவில் எழுதுங்கள்.

அதற்கும் மேலே திறன் வேண்டுமென்றால், இருக்கும் மின்மாற்றியை எடுத்துவிட்டுப் பெரியதை வைக்கக் கேட்பதே பொது வழக்கம். நீண்ட பாதையுள்ள கடற்கரை ஊர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மின்மாற்றி பெரிதானாலும் கம்பி அதே கம்பிதான். கடைசி வீட்டின் லோ வோல்டேஜ் அப்படியே இருக்கும். உயரழுத்தப் பாதையை ஊரின் மறுமுனை வரை இழுத்து, அங்கே இரண்டாவதாகச் சிறிய மின்மாற்றி ஒன்றை நிறுத்தி, பாதையை இரண்டாகப் பிரித்தால் திறனும் கூடும், அழுத்தமும் நிமிரும். ஒன்று பழுதானாலும் பாதி ஊருக்காவது வெளிச்சம் இருக்கும்.

இவற்றை வாய்மொழியாகக் கேட்டால் காரியம் நகராது. ஏப்ரலில் எடுத்த ஆம்பியர் அளவுகள், கடைசி வீட்டு வோல்ட் நோட்டு, தெருவில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கை, அடுத்த ஓராண்டில் வாங்க நினைப்போர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, மே 1 கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலுடன் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

உப்பைக் கணக்கில் கொள்ளுங்கள்

கடல் இல்லாத மாவட்டங்களுக்கு எழுதும் வழிகாட்டியில் இந்தப் பகுதி தேவைப்படாது. இங்கே இதை விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். தென்மேற்குக் காற்று மாதக்கணக்கில் மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வந்து பீங்கான் இன்சுலேட்டர்கள் மேல் பூசுகிறது. காய்ந்திருக்கும் வரை அதனால் பெரிய தீங்கில்லை. முதல் தூறலோ பின்னிரவுப் பனியோ படும்போது அந்தப் பூச்சு நனைந்து மின்கடத்தியாகி, இன்சுலேட்டர் மேற்பரப்பில் நீலப்பொறி ஓடத் தொடங்கும், ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் பாதை தானாக அணைந்துவிடும். பெருமழை வந்தால் கழுவிவிடும். இந்த வறண்ட மாவட்டத்தில் அதுவரை காத்திருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரில், மின்சாரத்தை நிறுத்தி இன்சுலேட்டர்களைத் துடைப்பதும், கடலுக்கு மிக அருகில் உள்ள கம்பங்களில் ஊர்வுத்தூரம் (மேற்பரப்பை ஒட்டி மின்சாரம் கசிந்து செல்ல வேண்டிய தூரம்) அதிகமுள்ள பாலிமர் இன்சுலேட்டர்களுக்கு மாறுவதும் பயன் தரும். மிகக் கடுமையான மாசுள்ள கடற்கரைக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் ஊர்வுத்தூரம் என்பது பன்னாட்டுத் தரநிலையில் நீண்டகாலம் பின்பற்றப்பட்ட அளவு.

உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்காக மின்மாற்றியின் பக்கவாட்டில் தொங்கும் ப்ரீதர் குப்பியைத் தரையில் நின்றபடியே பார்க்கலாம். உள்ளே உள்ள சிலிக்கா ஜெல் மணிகள் நீலமாக இருந்தால் நல்லது. வெளிறிய ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தால் ஈரக்காற்று எண்ணெய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றே தகவல் கொடுங்கள். செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டு முறுக்கப்பட்ட இணைப்பு கடற்காற்றில் மிக விரைவில் வெண்மாவு பூத்து அரிக்கும். அந்த இடங்களில் இரண்டு உலோகங்களையும் இணைக்கவென்றே செய்த இருவுலோக லக்குகள் (கம்பி முனை மாட்டிகள்) வேண்டும். பெரும் ஆம்பியரைப் பல மணி நேரம் தொடர்ந்து இழுப்பது வண்டிச் சார்ஜின் இயல்பு என்பதால், மிக்சிக்கும் பம்புக்கும் ஈடுகொடுத்த தளர்ந்த இணைப்பு இதற்கு ஈடுகொடுக்காது; சூடேறிக் கருகும்.

எர்த் விஷயத்தில் கடற்கரை மண் ஏமாற்றும். உப்புத் தண்ணீர் மேலாக நிற்கும் இடத்தில் தடை குறைவாகக் காட்டும். ஆனால் அதே உப்பு ஜி.ஐ. குழாயைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். மேட்டு மணலில் கோடையில் ஈரம் வற்றித் தடை ஏறும். ஆண்டுதோறும் மே மாதத்தில் அளந்து, 5 ஓமுக்குள் வைத்துக்கொள்வது நல்ல நடைமுறை. செம்பு பூசிய தண்டுகள் இங்கே கொடுத்த காசுக்கு உழைக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வண்டிக்கென மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், 7.2 கிலோவாட் சார்ஜருக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டரும் போடுங்கள். மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் கட்டாயம். அது அடிக்கடி விழுகிறது என்று எலெக்ட்ரீசியன் அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைத்துத் தர முன்வந்தால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எங்கோ கசிவு இருப்பதால்தான் அது விழுகிறது. ஜங்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி இரவெல்லாம் சார்ஜ் போடும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது.

வீட்டு இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போட அனுமதி உண்டு. ஆனால் அனுமதிக்கப்பட்ட பளுவைத் தாண்டுவதாக இருந்தால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அந்த விண்ணப்பங்கள் வழியாகத்தான் பிரிவு அலுவலகத்துக்கு மின்மாற்றியின் வருங்காலப் பளு தெரியவரும். கட்டணத்தையும் யோசியுங்கள். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 80 யூனிட் எடுக்கும். அதே ஓட்டத்துக்குக் கார் 350 யூனிட்டைத் தாண்டும். அப்போது வீட்டின் மொத்தம் 500 யூனிட்டைக் கடந்து மேல் படிநிலைக் கட்டணத்துக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம். மின்வண்டிக்கெனத் தனி இணைப்பு கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு என்று 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய விதிகள் சொல்கின்றன. கார் வைத்திருப்போர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விரைவுச் சார்ஜ் நிலையங்கள்

ஒரு 60 கிலோவாட் விரைவுச் சார்ஜர் மட்டுமே 100 கே.வி.ஏ. மின்மாற்றியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். ஆகவே மதுரை சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ உணவகத்துடன் இத்தகைய நிலையம் அமைப்பவர் தமக்கெனத் தனி மின்மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். தெருவின் மின்மாற்றியில் அதைக் கட்ட ஊரார் இடங்கொடுக்கக் கூடாது. பாம்பன் தீவுக்கு மின்சாரம் கடலைத் தாண்டி வர வேண்டியிருப்பதால், விரைவு நிலையங்களில் பெரும் பகுதியை இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் அமைத்து, தீவுக்குள் விடுதிகளில் இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் ஆகும் முனைகளைப் பெருக்குவது பொருத்தம். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வரச் சில பத்துக் கிலோமீட்டர்தான். மணலும் அலையும் ஏறும் அந்த ஓரத்தில் இயந்திரம் நிறுவ வேண்டியதில்லை.

துறைமுக ஃபீடர்களில் வேலை செய்ய இயற்கையாகவே ஒரு காலம் வாய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனிகளின் பளு வெகுவாக இறங்கும். கம்பி மாற்றவும் மின்மாற்றி நிறுத்தவும் மின்தடை கொடுப்பதானால், விசைப்படகுகள் கடலுக்குப் போகும் மாதங்களைவிட அந்த 61 நாள்களில் இழப்பு குறைவு.

புயல் எச்சரிக்கை வந்தால்

பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் வண்டிகளை 80 சதவீதமாவது சார்ஜ் செய்து மேட்டில் நிறுத்திவிடுங்கள். பொதுச் சார்ஜ் முனைகளின் மெயினை அணைத்து, கதவுகளைப் பூட்டிவிட வேண்டும். புயல் ஓய்ந்தபின், கடல்நீர் பட்ட சார்ஜரைக் காய்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில் இயக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, முழுவதும் உலர்த்தி, மெக்கர் கருவியால் காப்புத் தடையை எலெக்ட்ரீசியன் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பல மணி நேரத் தடைக்குப் பின் ஃபீடர் வரும்போது ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாம் ஒருசேர இழுக்கும்; அதோடு வண்டிகளும் சேர்ந்தால் மின்மாற்றி ஃபியூஸ் மறுபடி போய்விடும். ஆகவே மின்சாரம் வந்து ஒரு மணி நேரமாவது பொறுத்து, செவிலியர், மின் பணியாளர், குடிநீர் கொண்டு செல்வோர் ஆகியோரின் வண்டிகளுக்கு முதலில் முனையைக் கொடுங்கள். மற்றவை அன்றிரவு முறை வைத்துச் சார்ஜ் ஆகட்டும்.